ஒன்பது நாளில் பயணம்: குளிரும் தாங்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்

பெட்டியோடு நிற்பவள் (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் ஒன்பது நாளில் விமானம் ஏறுகிறேன். பெட்டியை இரண்டு முறை கட்டி இரண்டு முறையும் அவிழ்த்துவிட்டேன். கலியாணம் முடிந்து எட்டு மாதம் விசாவுக்குக் காத்திருந்தபோது நேரம் நகரவே இல்லை, இப்போது ஓடுகிறது.

நவீன சந்தைப் பக்கம் போய் அம்மா ஒரு தடித்த குளிர்சட்டை வாங்கி வந்தார். நேற்று மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே நின்று போட்டுப் பார்த்தேன். வேர்த்து வழிந்தது ஒருபுறம் இருக்க, கண்ணாடியில் தெரிந்தது பஞ்சு அடைத்த தலையணை. நான் ஐந்தடி ஓர் அங்குலம், இடுப்புப் பக்கம் சற்று அகலம். விமான நிலையத்துக்கு மச்சாள்மார் மூவரும் வருகிறார்களாம். அவர்களின் படங்களைப் பார்த்தால் எல்லோரும் கச்சிதமாக உடுத்தியிருக்கிறார்கள். நான் போய்த் தலையணை போல இறங்க வேண்டுமா?

பத்துப் பன்னிரண்டு உடுப்புக்குள், ஒன்றோடு ஒன்று மாற்றி உடுத்தக்கூடியதாக, எனக்குப் பொருந்துவதாக ஒரு திட்டம் சொல்லுங்கள். எந்த நிறம், எந்த வெட்டு? சுடிதார் எத்தனை, சேலை எத்தனை? கொஞ்சம் அவசரம்.

ஸ்காபரோ 1991

தங்கச்சி, நிறத்தையும் வெட்டையும் முதலில் மறந்துவிடுங்கள். நான் ரொறன்ரோவில் இறங்கியது 1991 தை மாதம். காலில் இறப்பர்ச் செருப்பு, மேலே ஒரு பருத்திச் சட்டை. கூட்டிப்போக வந்தவர் தன் மனைவியின் பழைய மேலங்கியைக் கொண்டுவந்திருந்தார். நல்ல ரோஜாப்பூ நிறம். அந்த மாரி முழுவதும் அதைப் போட்டுக்கொண்டுதான் உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் காதில் விழுந்திராது, அப்படி மூடியிருந்தேன்.

முழங்கால் வரை வரும் இறகு அடைத்த மேலங்கி ஒன்று, பனிச் சப்பாத்து ஒரு சோடி. இவை இரண்டும்தான் உடுப்பு, மற்றதெல்லாம் அலங்காரம். அங்கே ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். வந்து வாங்குங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

அண்ணா சொல்வது கனடாவுக்குச் சரி. அந்த மேலங்கியோடு லண்டனில் நிலக்கீழ் ரயிலில் ஏறிப் பாருங்கள், இரண்டு நிறுத்தத்துக்குள் வேர்த்துக் கரைந்துவிடுவீர்கள். இங்கே தை மாதத்தில்கூடப் பகலில் ஏழெட்டுப் பாகை இருக்கும். மெல்லியதாக மூன்று அடுக்கு உடுத்தி, கடைக்குள் நுழைந்ததும் ஒன்றைக் கழற்றி, வெளியே வந்ததும் திரும்பப் போடத் தெரிந்தால் போதும்.

வந்து வாங்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வந்த மறுவாரமே கணவரிடம் காசு கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குத் தெரியாது. நான் நான்கு மாதம் கேட்கவில்லை. மச்சாள் தந்த சட்டையைத்தான் உடுத்தினேன். அது என்னைவிட இரண்டு அளவு பெரிது. அதை அவர் தந்த கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் திரும்பக் கேட்டேன். ஆகவே பிள்ளை, கொண்டுவரக்கூடிய எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்.

மெல்பேர்ண்காரன்

எந்த நாடு என்றே அவர் சொல்லவில்லை. அவுஸ்திரேலியா என்றால் இப்போது ஐப்பசியில் வசந்தம். குளிர் ஆனியில் தொடங்கி ஆவணி வரை. நான் இது தெரியாமல் ஆடி மாதம் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கினேன். இங்கே வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் இருப்பதுதான் சோதனை. நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில் சுவரும் மெல்லிது, யன்னலும் மெல்லிது. போர்வையைச் சுற்றிக்கொண்டு சமைத்தோம். வீட்டுக்காரரிடம் சூடாக்கி கேட்டதற்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

ஒஸ்லோ அக்கா

மோசமான காலநிலை என்று ஒன்று இல்லை, மோசமான உடுப்புத்தான் உண்டு என்று நோர்வேயில் ஒரு சொல் உண்டு. இங்கு வந்த எல்லோரும் முதல் வாரமே அதைக் கேட்டிருப்பார்கள். கேட்கும்போது எரிச்சல் வரும், ஆனால் சரியான சொல்.

நம்மவர் செய்யும் முதல் பிழை உள்ளாடை. பருத்தி உடம்புக்கு நல்லது என்று பழகிவிட்டோம். குளிரில் அது வேர்வையைக் குடித்து ஈரமாகிவிடும். நின்ற இடத்தில் நனைந்த துணியைச் சுற்றியது போல இருக்கும். கம்பளி நூல் ஈரத்தை வாங்கினாலும் சூட்டைப் பெருமளவு விடாது. மெரினோ என்ற மென்கம்பளியில் மெல்லிய உள்சட்டை ஒன்றும் காலோடு ஒட்டிய உள்காற்சட்டை ஒன்றும் உடுத்தினால், வெளியில் எது போட்டாலும் அழகாகத்தான் விழும். தலையணை ஆவது உள்ளே ஒன்றுமில்லாமல் வெளியே மட்டும் தடிப்பாகப் போடுவதால். வெளியே இறகு மேலங்கி போதும். அதில் ஸ்காபரோ அண்ணாவோடு நான் ஒத்துப்போகிறேன்.

தையல் மெசின் (கொக்குவில்)

நான் எங்கும் போனதில்லை, இங்கேயே இருந்து தைப்பவள். ஆனால் போகிறவர்களுக்குத் தைத்துத் தைத்துக் கொஞ்சம் தெரியும்.

தங்கச்சி, கடைச் சட்டை உங்களைத் தலையணை ஆக்குவது தடிப்பால் மட்டும் அல்ல, நீளத்தால். உங்கள் உயரத்துக்கு மேற்சட்டை தொடையின் நடுவில் முடிந்தால் கால் குறுகித் தெரியும். இடுப்பெலும்போடு நிற்க வேண்டும், அல்லது முழங்காலைத் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேண்டாம். காற்சட்டையும் மேற்சட்டையும் ஒரே நிறக் குடும்பத்தில் இருந்தால் உயரம் கூடும். கடுநீலமோ கரிச்சாம்பலோ ஒன்றை அடியாக எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு அருகே மாத்திரம் நிறம் வரட்டும்: மாம்பழ மஞ்சள், மாதுளைச் சிவப்பு, எது உங்களுக்கு எடுக்குமோ அது. கழுத்துத்துண்டு இரண்டு இருந்தால் ஒரு சட்டை மூன்று சட்டை ஆகும். கழுத்து வட்டமாக ஒட்டி நிற்பதைவிடக் கூராக இறங்கினால் நல்லது.

இங்கே தைக்க வேண்டியது: இரண்டு நீளக் காற்சட்டை, அளவெடுத்து. உள்மடிப்பில் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லுங்கள், முதல் மாரியில் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துத்தான் வருகிறார்கள். காற்சட்டை அளவைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். செருப்போடு அளந்தால் அங்கே போய்த் தரையைக் கூட்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டார் வந்தால் இங்கே தூங்க நேரம் இல்லை. அங்கே ஒரு காற்சட்டையின் ஓரம் மடிக்கக் கொடுக்கிற காசில் இங்கே முழுச் சட்டையும் தைக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டு நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணித்தியாலம் நிற்பார்கள்.

ஸ்காபரோ 1991

நான் குறைக்கச் சொல்வதில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், அண்ணா. அதைவிட வேறு கதை ஒன்று இருக்கிறது. உடுப்புக்கு எங்கே இடம்? போகிற செய்தி ஊருக்குத் தெரிந்தவுடன் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பை வரும். எனக்கு வந்தவை: மிளகாய்த்தூள் ஐந்து வீட்டுத் தூள், புழுக்கொடியல், பினாட்டு, பருத்தித்துறை வடை, யாரோ ஒருவரின் மகனுக்கு வேட்டி. நிறுத்துப் பார்த்தால் என் உடுப்பு பெட்டியில் பாதிகூட இல்லை. தூளில் ஒரு பை வெடித்து என் ஒரே கம்பளிச் சட்டை ஒரு வருடம் மணத்தது. வேட்டிக்காரர் இன்றுவரை வந்து எடுக்கவில்லை.

மெல்பேர்ண்காரன்

இங்கே சுங்கத்தில் உணவுப் பொருளை எழுதிக் காட்டாமல் விட்டால் தண்டம். நான் எழுதிக் காட்டினேன், பெட்டி முழுவதையும் கொட்டி அடுக்கினார்கள். வரிசையில் நின்ற முழுச் சனமும் என் உள்ளாடையைப் பார்த்தது.

ஒஸ்லோ அக்கா

சேலையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. கலியாண வீட்டுக்கு மாரியிலும் பட்டுத்தான். பாவாடைக்குப் பதிலாகக் கம்பளி உள்காற்சட்டை, முழுக்கை ரவிக்கை. மண்டபம் வரை பனிச் சப்பாத்தோடு போய் வாசலில் மாற்றிக்கொள்வது. எல்லோரும் அப்படித்தான், படத்தில் தெரிவதில்லை.

ஈஸ்ட்ஹாம் அக்கா

முழுக்கை ரவிக்கையா? அது பள்ளிக்கூட அதிபர் போல இருக்கும். ஒரு சால்வை போதாதா?

ஒஸ்லோ அக்கா

சால்வை லண்டனுக்குப் போதும்.

பழைய மீன் தொழிற்சாலை

மன்னிக்கவும், நடுவில் புகுகிறேன். நான் 1980களின் கடைசியில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், மீன் வெட்டியவன். என் கதையும் நீளமானதுதான், இன்று அதை விடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது. நாங்கள் தூளில் நிற்கிறோம்.

தங்கச்சி, இவற்றுக்குப் பதில் எழுதுங்கள். எந்த நகரம்? வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு எவ்வளவு நடை? முதல் மாதங்களில் என்ன செய்யப் போகிறீர்கள், படிப்பா வேலையா? பெட்டிக்கு எத்தனை கிலோ?

பெட்டியோடு நிற்பவள்

ஐயோ, நாட்டைச் சொல்லவே இல்லையா? முதல் வரியில் எழுதியதாக நினைத்தேன். நோர்வே, பேர்கன் நகரம். நடை பதினைந்து நிமிடம், மேட்டில் என்று அவர் சொல்கிறார். முதலில் மொழி வகுப்பு. பெட்டி 30 கிலோ, கைப்பை 7. இதில் தூள் ஏற்கெனவே 4 கிலோ.

பழைய மீன் தொழிற்சாலை

பேர்கன்! அப்படியானால் இதுவரை இறகு மேலங்கி என்று சொன்ன எல்லோரும், ஒஸ்லோ அக்கா உட்பட, தயவுசெய்து சற்றுப் பொறுங்கள்.

பேர்கனின் பிரச்சினை குளிர் அல்ல, மழை. மேற்குக் கரையை வெந்நீரோட்டம் தொட்டுப் போவதால் நடு மாரியிலும் பெரும்பாலும் பூச்சியத்துக்குச் சற்று மேலேதான் நிற்கும். ஆனால் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, 200 நாளுக்கு மேல் ஈரம். யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கே அது போகாது, கூடவே குடியிருக்கும். நனைந்த இறகு உள்ளே கட்டியாகிச் சூட்டை விட்டுவிடும். குடையையும் நம்பாதீர்கள், காற்று அதை வாங்கிக்கொண்டு போய்விடும், தெருக் குப்பைத்தொட்டிகளில் நெளிந்த குடைகளைக் காண்பீர்கள்.

ஆகவே வெளியில் தொப்பி வைத்த, தையல் ஒட்டி அடைத்த, நீர் புகாத மழைமேலங்கி ஒன்று. இடுப்பில் சுருக்கிக் கட்டும் நாடா உள்ளதாகப் பாருங்கள்; தலையணைப் பயமும் அத்தோடு போகும். இதை அங்கே போய்த்தான் வாங்க வேண்டும், உள்ளே கம்பளிச் சட்டையைப் போட்டபடி அளவு பார்த்து. பழைய உடுப்புக் கடைகளிலும் நல்லவை கிடைக்கும், ஃபிரெடெக்ஸ் என்ற பெயரைக் கேட்டு விசாரியுங்கள். கடையில் கம்பளிக்கு ‘உல்’ என்பார்கள்.

சுடிதாரின் அகலக் கால் மழையில் முழங்கால் வரை நீரை ஏற்றும். ஒட்டிய காலாக இருந்தால் இரண்டு கொண்டுவாருங்கள்.

ஒஸ்லோ அக்கா

ஒத்துக்கொள்கிறேன். பேர்கன் என்று தெரிந்திருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். மேலும் இரண்டு சொல்கிறேன். இங்கே யாருடைய வீட்டுக்குப் போனாலும் சப்பாத்தை வாசலில் கழற்ற வேண்டும், நம் ஊரைப் போலவே. மச்சாள்மார் முதலில் பார்க்கப்போவது உங்கள் காலுறைகளை, அதாவது மேசுகளை. ஓட்டை இல்லாமல் ஆறு சோடி எடுங்கள். அடுத்தது, மார்கழியில் பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். கடுநீலத்தில் உடுத்தி மேட்டுத் தெருவில் நடந்தால் வாகனக்காரனுக்குத் தெரியாது. மேலங்கியில் தொங்கவிடும், வாகன வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளித்தகடு ஒன்றை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். சின்னக் குழந்தையிலிருந்து கிழவர் வரை போடுகிறார்கள்.

கம்பளியை வெந்நீரில் போடாதீர்கள், உலர்த்தும் இயந்திரத்திலும் போடாதீர்கள். என் முதல் மெரினோ சட்டை கடைசியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பொம்மைக்குச் சரியாக இருந்தது.

தையல் மெசின் (கொக்குவில்)

அப்படியென்றால் காற்சட்டை வெட்டை மாற்றுவோம். கால் கீழே ஒடுங்கி, கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். பூட்ஸுக்குள் போகும், ஓரமும் நனையாது. துணி தடித்த பருத்தியில் வேண்டாம், காயாது. நாளைக்கு அளவு தந்தால் வெள்ளிக்கிழமை தருவேன்.

ஈஸ்ட்ஹாம் அக்கா

முழுக்கை ரவிக்கையையும் தைத்துவிடுங்கள். மழை என்றால் நான் விட்டுக்கொடுக்கிறேன்.

பெட்டியோடு நிற்பவள்

எல்லோருக்கும் நன்றி. இரவு முழுவதும் எழுதி எழுதி வெட்டி இப்படி வந்திருக்கிறது: கடுநீலக் காற்சட்டை இரண்டு, ஒட்டிய சுடிதார் இரண்டு, நீளக்கை மேற்சட்டை நான்கு (இரண்டு நீலம், ஒரு சாம்பல், ஒரு மாதுளை), இடுப்போடு நிற்கும் கம்பளிச் சட்டை ஒன்று, கழுத்துத்துண்டு இரண்டு, பட்டுச்சேலை இரண்டு, முழுக்கை ரவிக்கை. மேசு ஆறு சோடி. உள்கம்பளியும் மழைமேலங்கியும் அங்கே. அவரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், கேட்டு நிற்கப் போவதில்லை; முதல் சனிக்கிழமையே கடை.

அம்மா வாங்கிய தலையணைச் சட்டையை என்ன செய்வது? விட்டுவிட்டுப் போனால் அவர் மனம் நோகும்.

பழைய மீன் தொழிற்சாலை

விமானத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே குளிரும், பெட்டியிலும் நிறை குறையும். இறங்குவதற்கு முன் கழிப்பறையில் கழற்றிக் கைப்பையில் வைத்துவிடலாம். தூளை இரண்டு கிலோவாக்குங்கள், இரட்டைப் பையில் கட்டி, சப்பாத்துக்குள்.

பெட்டியோடு நிற்பவள்

சப்பாத்துக்குள் ஒரு கிலோதான் போகிறது.