மிலிட்டரிசமும் மிலிட்டரைசேஷனும் ஒன்றா? தமிழில் என்ன போடுவது?

அஸ்தம்பட்டிக்காரர் (கேள்வி):
ஏற்காட்டில் ஒரு பள்ளிப் பேச்சுப்போட்டி. ஆங்கிலத் தலைப்புகளைத் தமிழாக்க வேண்டும். ‘மிலிட்டரிசம்’, ‘மிலிட்டரைசேஷன்’ இரண்டும் ஒரே தாளில் வருகின்றன. இரண்டுக்கும் ‘ராணுவமயம்’ என்று போட்டால் போதுமா? பெரிய படை வைத்திருந்தாலே அந்த நாட்டில் மிலிட்டரிசம் இருப்பதாகச் சொல்லலாமா? ‘மிலிட்டரி இண்டஸ்ட்ரியல் காம்ப்ளெக்ஸ்’ என்றும் ஒரு தொடர் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் குழப்பம்தான் கூடுகிறது.

குகை தமிழாசிரியர்:
போதாதுங்க. மிலிட்டரிசம் என்பது மனப்போக்கு: படைபலமே நாட்டின் முதல் பலம், படையின் ஒழுங்கே எல்லாருக்கும் ஒழுங்கு, பேச்சைவிடப் படையெடுப்பே தீர்வு என்று நம்புவது. மிலிட்டரைசேஷன் என்பது நடப்பு: ஓரிடத்தில் முகாம் வருகிறது, சோதனைச்சாவடி வருகிறது, சிவில் வேலைகள் சிப்பாய் கைக்குப் போகின்றன. இரண்டாவதைக் கண்ணால் பார்த்து எண்ணலாம். முதலாவது ஒரு குற்றச்சாட்டு. எந்த அரசும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளாது.

முன்னதற்கு ‘ராணுவவாதம்’, பின்னதற்கு ‘ராணுவமயமாக்கல்’. ‘ராணுவவாதம்’ என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். இடைவெளி விட்டால் ராணுவத்தின் வாதம் ஆகிவிடும். கோர்ட்டில் வக்கீல் வைக்கிற வாதமா, மூட்டைப் பிடிக்கிற வாதமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேடையில் பேச ‘ராணுவ மேலாதிக்கம்’ இன்னும் தெளிவு. ஆனால் அது அதிகாரத்தை மட்டும் சொல்லும், நம்பிக்கையைச் சொல்லாது.

படை பெரிதா சிறிதா என்பது அளவுகோல் அல்ல. யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானில் 1936-இல் ஒரு விதியை மீண்டும் கொண்டுவந்தார்கள்: ராணுவ அமைச்சரும் கடற்படை அமைச்சரும் பணியில் இருக்கும் அதிகாரிகளாகவே இருக்க வேண்டும். பிரதமரைப் பிடிக்கவில்லையா, ராணுவம் ஆள் தர மறுத்தால் போதும், அமைச்சரவையே அமையாது. 1937-இல் உகாக்கி இப்படித்தான் பிரதமராக முடியாமல் போனார். இத்தனைக்கும் அவரே முன்னாள் ஜெனரல். 1940-இல் ராணுவ அமைச்சர் விலக, பிரதமர் யோனாயின் அமைச்சரவை கவிழ்ந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ஆட்சிக்கவிழ்ப்பு என்ற பெயரும் இல்லை. பாடப்புத்தகங்கள் ‘ஜப்பானிய மிலிட்டரிசம்’ என்று சொல்வதன் உள்வேலை இதுதான்.

செவ்வாய்ப்பேட்டை பழுவன்:
காம்ப்ளெக்ஸ் விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். ‘ராணுவத் தொழில் வளாகம்’ என்று எழுதினால் ஐந்து ரோடு பக்கம் கட்டிய கடை வளாகம் மாதிரி ஆகிவிடும். இங்கே கட்டடமே கிடையாது. படை, ஆயுதக் கம்பெனிகள் இவற்றின் நலன்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைத்தான் அந்தத் தொடர் சொல்கிறது. ‘ராணுவ-தொழில்துறைக் கூட்டு’ என்று போடுங்கள். 1961 ஜனவரி 17 அன்று விடைபெறும் உரையில் இந்தத் தொடரைச் சொல்லி எச்சரித்தவர் அமெரிக்க அதிபர் ஐசனோவர். அவர் ஐந்து நட்சத்திர ஜெனரலாக இருந்தவர் என்பதைப் பிள்ளைகள் மறக்காமல் சொல்லட்டும்.

இன்னொரு குழி: ‘மார்ஷியல் லா’, ‘மிலிட்டரி லா’ இரண்டையும் ‘ராணுவச் சட்டம்’ என்றே எழுதுகிறார்கள். பின்னது சிப்பாய்களுக்கான சட்டம். நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டம் அந்த வகை. முன்னது சிவில் நிர்வாகம் நின்றுபோய்ப் பொதுமக்கள் மேலேயே படை அதிகாரம் செலுத்துவது. அரசியலமைப்பின் 34-ஆம் பிரிவு பேசுவது அதைப் பற்றி. முன்னதற்கு ‘படையாட்சிச் சட்டம்’ என்று பிரித்துக் காட்டினால் பிழைத்தீர்கள்.

(நம்மூரில் ‘மிலிட்டரி’ என்று போர்டு இருந்தால் உள்ளே கறிச்சோறு என்று அர்த்தம். அதையும் போட்டியில் சேர்த்துவிடாதீர்கள்.)

ஒண்டிக்கடை வாசகி:
உள்ளூர் உதாரணம் வேண்டுமானால் 1792-ஐ எடுக்கலாம். திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தபோது, நிர்வாகத்துக்கு வந்த அலெக்சாண்டர் ரீட் படை அதிகாரி. உதவிக்கு வந்த தாமஸ் மன்றோவும் அப்படியே. சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் மொழி தெரியவில்லை என்பதால் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் படையாட்களைப் போட்டார். அவர்கள் செய்ததோ நிலம் அளப்பது, வரி போடுவது. இது ராணுவ அதிகாரிகளின் சிவில் நிர்வாகம். இதற்கு மிலிட்டரிசம் என்று பெயர் வைத்தால் தவறு.

குகை தமிழாசிரியர்:
வாசகி சொல்வது சொல்லளவில் சரி. ஆனால் அந்த வரிவசூலுக்குப் பின்னால் கம்பெனிப் படை நின்றதே அம்மா! எதிரணிக்கு அந்த வாதத்தை விட்டுவைக்கலாம்.

அஸ்தம்பட்டிக்காரர்:
எல்லாருக்கும் நன்றி. அப்படியானால் முதல் தலைப்பு: ‘எல்லை மாவட்டங்கள் ராணுவமயமாதல் தேவையா?’

குகை தமிழாசிரியர்:
‘ஆதல்’ வேண்டாம், ‘ஆக்கல்’. ‘ஆதல்’ என்றால் தானாக நடப்பது போல இருக்கும், செய்கிறவர் மறைந்துவிடுவார். ‘எல்லை மாவட்டங்களை ராணுவமயமாக்குவது தேவையா?’ என்று போடுங்கள். யார் ஆக்குகிறார்கள் என்று இரண்டு அணியும் பேசியே தீர வேண்டும்.