சின்ன எலெக்ட்ரிக் கார்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மதுரைச் சந்து:
மூன்று மாதமாக நோட்டில் கோடு போட்டு எழுதினேன். டாடா டியாகோ என்றால் 24 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜுக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர். டாடா பஞ்ச் என்றால் இரண்டு அளவு பேட்டரி. டிக்கி 240 லிட்டரா, 366 லிட்டரா என்பது வரை கட்டம் கட்டமாக. எங்கள் சந்தில் ஆட்டோ திரும்புவதே கஷ்டம் என்பதால், கடைசியில் மனது ஒரு இரண்டு கதவுக் குட்டி வண்டியில் போய் நின்றது. அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் அம்மாவையும் கூட்டிப் போனேன்.

முன் சீட்டைத் தள்ளிவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலது காலை உள்ளே வைத்துவிட்டார், இடது கால் எழும்பவில்லை. முந்தானை சீட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. குனிந்த நிலையிலேயே கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஷோரூம் பையன் கை கொடுக்க வந்தான். "இருக்கட்டும் தம்பி" என்றவர் என்னைப் பார்த்து, "நான் வீட்லயே இருந்துக்கிறேன்டா, நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க" என்றார். பத்து நாளாகிறது. அந்த நோட்டை இன்னும் நான் திறக்கவில்லை.

அஸ்தம்பட்டி:
வாங்கும் முன் நண்பரின் எலெக்ட்ரிக் காரை இரண்டு நாள் கேட்டு வாங்கி ஏற்காட்டுக்கு ஓட்டிப் பார்த்தேன். ஏறும்போதே சார்ஜில் நூற்றுக்கு முப்பது போய்விட்டது. பயந்துபோய் லாட்ஜில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நூறோடு இறங்கினேன். தவறு அங்கேதான். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாகப் பிடித்து வேகம் குறையுமே, அந்தப் பிடி இல்லை. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் உண்டாகும் கரண்டை அது எங்கே வாங்கும்? முதல் கொண்டை ஊசியில் வண்டி என் கையை மீறி உருண்டது. எதிரே பஸ். அந்த டிரைவர் ஓரம் கட்டி நின்று, "மெதுவா, மெதுவா" என்று கையை ஆட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. 20 வளைவும் பிரேக்கை மிதித்தே இறங்கினேன், அடிவாரத்தில் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. மலைக்குப் போகிறவர்கள் மேலே எண்பதோடு சார்ஜை நிறுத்திவிடுங்கள்.

வயரிங் அனுபவம்:
மதுரை நண்பரே, இரண்டு கதவைக் குறையாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் தனியாக ஆபீஸ் போய் வருகிறவருக்கு அதுவே தாராளம். எல்லோரும் வண்டியை ஒப்பிடுகிறீர்கள், வீட்டு எர்த்தை யார் பார்க்கிறார்கள்? எனக்கு வண்டி வந்த முதல் ராத்திரி சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவே இல்லை. மீட்டர் வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 38 வோல்ட், அவ்வளவு காட்டவே கூடாது. மே மாதம், எர்த் குழி காய்ந்து கிடந்தது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் விளக்கு பச்சைக்கு மாறியது.

அதனால் சொல்கிறேன், புக் பண்ணும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கார் நிற்கும் இடத்துக்கு மெயின் போர்டிலிருந்தே தனி வயர் இழுங்கள், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல். தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) போடுங்கள். 15 ஆம்பியர் பிளக் நல்ல தரத்தில் இருக்கட்டும், ஏசிக்குப் போட்ட பழைய பாயிண்டை இதற்குத் திருப்பாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது, மணிக்கணக்கில் ஒரே சீராகக் கரண்ட் இழுக்கும்போது பிளக் உருகிவிடும். முதல் வாரம் சார்ஜ் ஏறும்போதே பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்துங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி எத்தனை வருஷம் ஆயிற்று என்று பெரியவர்களைக் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

தாம்பரம் கிழக்கு:
அண்ணே, எர்த் விஷயம் சரிதான். ஆனால் மதுரைக்காரர் சொன்னது அவங்க அம்மாவைப் பற்றி. தனியாக ஆபீஸ் போகிறவர் கணக்கை அங்கே எதற்குக் கொண்டுவர வேண்டும்? என் அப்பாவுக்கும் இதே முட்டிதான். நாங்கள் பஞ்ச்சையும் டியாகோவையும் பார்த்தபோது அவரை ஒவ்வொன்றிலும் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னோம். சீட் உயரமாக இருந்ததில் குனியாமல் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பெருமூச்சு விடவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

மதுரைச் சந்து:
அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நன்றி. சனிக்கிழமை ஷோரூமுக்குப் போகலாம் என்று அம்மாவை மறுபடி கூப்பிட்டேன். "அன்னிக்கு மாதிரி மாட்டிக்குவேனாடா?" என்று கேட்டார். நான்கு கதவு என்று சொன்னேன். சரி, வருகிறேன் என்றிருக்கிறார். சந்துக்கு வெளியே, கோவில் பக்கம் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று இன்று சாயங்காலம் விசாரிக்கப் போகிறேன்.