நெல்லைச் சீமையில அரசியல் தலைவர்கள் சமாதி எங்கெங்க இருக்கு? மருமவனுக்கு லிஸ்ட் வேணும்

நயினார்குளத்தான்:
வணக்கம் மக்களே. கேள்வி கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும், சிரிக்காதிய. என் தங்கச்சி குடும்பம் அட்லாண்டாவுல இருக்கு, அவ மவன் எட்டாங்கிளாஸ். அங்க பள்ளிக்கூடத்துல ஒரு ப்ராஜெக்ட் குடுத்திருக்காவ, அவன் இருக்குற கவுண்டியில (நம்ம ஜில்லா மாதிரி) எந்தெந்த அரசியல்வாதிய எங்கெங்க பொதச்சிருக்குன்னு தேடிப் போயி எழுதணுமாம். இவனும் ஓக்லாண்டுன்னு ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கான், 1850-ல ஆரம்பிச்சதாம், 48 ஏக்கராம். மேயரு, கவர்னருன்னு வரிசையா படுத்திருக்காவ. அட்லாண்டாவோட முதல் கருப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன் அங்கதான் இருக்காரு. வீடியோ கால்ல ஒவ்வொரு கல்லா காட்டுதான், இங்க எங்கம்மா "ராத்திரி நேரத்துல சுடுகாட்டக் காட்டுதானே பய"ன்னு வையுறா. அங்க அப்ப பகல் பதினொன்னு.

ஜிம்மி கார்ட்டர் வேற கவுண்டியாம், ப்ளெயின்ஸ்னு ஒரு பட்டிக்காட்டுல அவரு வீட்டு எடத்துலயே 2025 ஜனவரியில அடக்கம் பண்ணிருக்காங்கன்னும் சொன்னான். பிரசிடென்டா இருந்த மனுசன் சொந்த வீட்டு முத்தத்துல!

இப்ப லீவுக்கு வாரான். "மாமா, தாத்தா ஊருக்கும் அதே மாதிரி ஒரு லிஸ்ட் போடணும், ரெண்டு நாள் கார்ல கூட்டிட்டுப் போங்க"ங்கான். நானும் பேப்பர் பேனா எடுத்து அரைமணி நேரம் உக்காந்தேன். கட்டபொம்மன், வ.உ.சி., அதோட நின்னுட்டு. அதுலயும் ரெண்டு பேருக்கும் மண்டபம் தெரியும், சமாதி எங்கன்னு தெரியாது. பழைய ஜில்லா கணக்குல சொல்லுங்க, 1986-ல பிரிஞ்ச தூத்துக்குடி, 2019-ல பிரிஞ்ச தென்காசி எல்லாம் சேத்துதான்.

பாளை ஜெபா:
அண்ணாச்சி, நெசமாவே கல்லறைன்னு கைய வச்சுக் காட்டணும்னா மொத எடம் பாளையங்கோட்டை இங்கிலீஷ் சர்ச் கல்லறைத் தோட்டம்தான். கலெக்டர் ஆஷ் அங்கதான் இருக்காரு. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்ல ரயில் பெட்டிக்குள்ள வச்சு வாஞ்சிநாதன் சுட்டது தெரியும்லா, அந்த ஆஷ். கொடைக்கானலுக்கு பொண்டாட்டியோட போயிட்டிருந்தவரு, திரும்ப இங்கன வந்து படுத்தாச்சு.

நான் ரெண்டு வருசம் முன்ன நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்க தாத்தாவுக்கு மெழுகுவர்த்தி பொருத்திட்டு அப்படியே அங்கயும் எட்டிப் பாத்தேன். சொல்லிட்டுதான் உள்ள போவணும். மழை பேஞ்ச ஈரம், வேப்பம்பழம் காலுக்கடியில நச்சு நச்சுன்னு மிதிபடுது, கல்லு மேல அணில் ஒண்ணு என்னைய பாத்துட்டு ஓடவே இல்ல. நம்ம சொந்தக்காரங்க கல்லறை பூரா பூவும் வர்த்தியுமா ஜெகஜோதியா இருந்த அன்னைக்கு அந்தக் கல்லுல மட்டும் ஒண்ணும் இல்ல. யாரு வருவா சொல்லுங்க. ஒரு ஓரத்துல ஒரு வர்த்தி வச்சுட்டு வந்தேன், வீட்டுல சொல்லல.

சிவலப்பேரிக்காரன்:
இது நல்லாருக்கே. அமெரிக்காவுல இருந்து புள்ள வாரான், அவனுக்கு வ.உ.சி. கப்பல் கம்பெனிய ஒழிச்சவன் கல்லறையவா காட்டுவிய? ஆஷ் என்ன எலெக்‌ஷன்ல நின்னு ஜெயிச்சானா? அவன் அரசியல்வாதியே கிடையாது, அதிகாரி. தூத்துக்குடியில பழைய துறைமுகம் பக்கம் அவனுக்கு ஒரு மண்டபம் வேற நிக்கி. வாஞ்சிக்கு என்ன இருக்கு?

பாளை ஜெபா:
சிவலப்பேரி அண்ணே கோவப்படாதிய. 1908-ல வ.உ.சி.ய உள்ள தள்ளுனப்ப ஆஷ் தூத்துக்குடி சப்-கலெக்டர், அதுதான் நேரடி அரசியல். அந்தக் காலத்துல கலெக்டர்னா அரசாங்கமே அவருதான். நான் கும்பிடச் சொல்லல, பாக்கச் சொல்லுதேன். வாஞ்சிக்கு செங்கோட்டையில மணிமண்டபமும் சிலையும் இருக்கு, மணியாச்சி ஜங்ஷனுக்கே வாஞ்சி மணியாச்சின்னு பேரு. கல்லறை இல்ல, அம்புட்டுதான்.

கயத்தாறு பாண்டி:
லிஸ்ட்ட ரெண்டா பிரிச்சுக்கோங்க, சமாதி வேற நினைவிடம் வேற. நம்ம ஊர்ல ரெண்டாவதுதான் சாஸ்தி.

கட்டபொம்மன தூக்குல போட்டது எங்க ஊர்ல, 1799 அக்டோபர் 16. இப்ப மதுரை ரோட்டுல போறப்ப தெரியுற செலை நடிகர் சிவாஜி கணேசன் சொந்தக் காசுல எடம் வாங்கி 1970-ல வச்சது. அரசு மணிமண்டபம் அப்புறம் வந்தது. சின்னப் புள்ளைல எங்க அய்யா சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சு அங்க கூட்டிட்டுப் போவாரு, செருப்ப ரோட்டுலயே கழத்திப் போட்டுட்டுத்தான் உள்ள போவாரு, கோயில் மாதிரி. கேட்டா "செத்த எடம்லா"ன்னு ஒரே வார்த்தை.

பாஞ்சாலங்குறிச்சிக்கு கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. இப்ப நிக்கிற கோட்டை 1974-ல அரசாங்கம் கட்டுன நினைவுக் கோட்டை. பழசை வெள்ளக்காரன் இடிச்சு தரைமட்டமாக்கி, ஏரு பூட்டி உழுது ஆமணக்கு வெதச்சு உப்பும் போட்டான்னு சொல்லுவாவ. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரைய அங்கயே 1801 நவம்பர் 16-ல தூக்குல போட்டாங்க. இதுல பாருங்க, பாஞ்சாலங்குறிச்சி பக்கம் பழைய கல்லறைன்னு நிக்கிறது யாருக்குங்கியோ? சண்டையில செத்த கும்பெனி ஆளுகளுக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கிற எடம் அது. மருமவன்ட்ட ஒரு கேள்வி கேளுங்க, ஜெயிச்சவன் கல்லறைய பாக்குதோமா தோத்தவன் கல்லறைய பாக்குதோமான்னு.

குறுக்குத்துறை தாத்தா:
தம்பி நயினார்குளம், நீ அரைமணி நேரம் உக்காந்தும் ரெண்டு பேர்தான் வந்துதுன்னா அது உன் தப்பில்ல. எனக்கு எழுபத்தி மூணு வயசு, கருப்பந்துறையிலயும் சிந்துபூந்துறையிலயும் வெள்ளக்கோயில்லயும் எத்தனையோ பேருக்கு கேதத்துக்குப் போயிருக்கேன், அதுல கட்சிக்காரங்க கொடி போத்தி வந்ததும் உண்டு. நீர்மாலை எடுத்து, கொள்ளி வச்சு, மறுநா காடாத்துக்கு எலும்பு பொறுக்கி, பால் தெளிச்சு ஆத்துல கரைச்சாச்சுன்னா முடிஞ்சுது சோலி. அப்புறம் எங்க போயி சமாதி தேடுவ? தாமிரபரணியத்தான் காட்டணும். எரிக்கிற சாதிசனத்துக்கு கல்லு நடுற பழக்கமே கம்மி, பொதைக்கிறவுகளுக்குத்தான் எடம்னு ஒண்ணு நிக்கும். அமெரிக்காக்காரன் பொதைக்கான், அதனால அவன் லிஸ்ட் போடுதான்.

ஆனா இன்னொண்ணு இருக்கு. நம்ம பக்கம் அநியாயமா வெட்டுப்பட்டு செத்தவனுக்கு பூடம் போட்டு சாமியாக்கி கொடை குடுத்துருவோம். அதுதான் நம்ம ஊரு கல்லறை. பூலித்தேவர் கதைய கேளு. வெள்ளக்காரன் பிடிச்சுக் கொண்டு போறப்ப சங்கரன்கோயில்ல சாமி கும்பிட விடுங்கன்னு கேட்டாராம், உள்ள போனவரு ஜோதியில மறைஞ்சுட்டாராம். கோயில்ல பூலித்தேவர் அறைன்னு இன்னைக்கும் காட்டுவாங்க. நெல்கட்டும்செவல்ல நினைவு மாளிகை இருக்கு. அவரு படைத்தளபதி ஒண்டிவீரனுக்கு பாளையில மணிமண்டபம் கட்டிருக்காங்க.

வ.உ.சி. 1936 நவம்பர் 18-ல தூத்துக்குடியில செத்தாரு. கடைசி நேரத்துல என்னைய காங்கிரஸ் ஆபீசுக்கு தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லி, அங்க போயித்தான் உசுர விட்டாரு. கப்பல் ஓட்டுனவரு, வக்கீலு, ஜெயில்ல செக்கிழுத்தவரு, கடைசியில கேட்டது கட்சி ஆபீஸ்ல ஒரு எடம். அந்தச் செக்கு இப்ப சென்னை காந்தி மண்டபத்துல இருக்கு. ஒட்டப்பிடாரத்துல அவரு பொறந்த வீடு நினைவு இல்லமா இருக்கு, நம்ம டவுண்லயும் மணிமண்டபம் இருக்கு, உன் வீட்டுல இருந்து நடந்தே போலாம்.

அப்புறம் சுதந்திரப் போராட்டக்காரரு வ.வே.சு. அய்யர். இவர நெறைய பேரு மறந்துட்டாவ. சேரன்மாதேவியில குருகுலம் நடத்துனாரு, அங்க பிராமணப் புள்ளைகளுக்கு தனிப்பந்தி போட்டாங்கன்னு நாடே கொந்தளிச்ச அந்தக் குருகுலந்தான். 1925 ஜூன்ல பாவநாசம் கல்யாண தீர்த்தத்துல மக சுபத்ரா தண்ணியில விழுந்துட்டா, காப்பாத்தக் குதிச்சவரும் போயிட்டாரு. அகஸ்தியர் அருவிக்கு மேல படியேறிப் போனா அந்த எடம். தண்ணி கருகருன்னு கெடக்கும், பாத்தாலே பயமாருக்கும். புள்ளைய ஓரத்துல விடாத, கையப் பிடிச்சுக்கோ.

பேட்டைக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். தாத்தா சொன்ன மாதிரி பொதைக்கிறவங்களுக்கு எடம் நிக்கும், ஆனா எங்க ஆளுக்கு நின்ன எடம் இங்க இல்லையே. காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் எங்க பேட்டையில 1896 ஜூன் 5-ல பொறந்தவரு. அரசியல் நிர்ணய சபையில உக்காந்து ஆட்சிமொழியா தமிழ வைங்கன்னு கேட்டவரு. அப்புறம் 1962, 67, 71 மூணு தடவையும் கேரளாவுல மஞ்சேரியில நின்னு எம்.பி.யா ஜெயிச்சாரு, நெல்லைக்காரர மலையாளத்துக்காரங்க ஜெயிக்க வச்சாங்க பாத்துக்கிடுங்க. 1972 ஏப்ரல்ல மெட்ராஸ்ல மவுத்தாயிட்டாரு, கபர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல்ல இருக்கு.

எங்க வாப்பா என்னைய பத்து வயசுல அங்க ஜியாரத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க. நான் பெரிய மாளிகை மாதிரி இருக்கும்னு நெனச்சுப் போனேன். வாப்பா கபர் முன்னாடி நின்னு துஆ கேட்டுட்டு, மெதுவா "நம்ம பேட்டை ஆளுல"ன்னாங்க. அவ்வளவுதான். மருமவன் ஃப்ளைட் சென்னையில எறங்குனா அங்க பாத்துட்டு அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறட்டும்.

கோவில்பட்டி செல்வா:
அதே கதைதான் பாரதிக்கும். எட்டயபுரத்துல பொறந்தாரு, 1921 செப்டம்பர்ல திருவல்லிக்கேணியில செத்தாரு, கிருஷ்ணாம்பேட்டையில எரிச்சாங்க. கூட போனது விரல் விட்டு எண்ணுற ஆளுகதான்னு சொல்லுவாங்க. எட்டயபுரத்துல மணிமண்டபம் 1945-ல அடிக்கல் போட்டு 47-ல தெறந்தாச்சு. ஆளு மெட்ராஸ்ல, மண்டபம் ஊர்ல. நம்ம ஜில்லாவுல பெரிய ஆளாவணும்னா ரயில் ஏறணும் போல.

வள்ளியூர் பையன்:
பழைய கதையவே பேசுதிய. வசந்தகுமார விட்டுட்டிய. நாங்குநேரியில ரெண்டு தடவ எம்.எல்.ஏ., அப்புறம் கன்னியாகுமரி எம்.பி., 2020 ஆகஸ்ட் 28 கொரோனாவுல போயிட்டாரு. சொந்த ஊர் அகஸ்தீஸ்வரத்துல அடக்கம். குமரி ஜில்லாதான், ஆனா வள்ளியூர் தாண்டி கொஞ்சம் தூரம். கார்ட்டர் மாதிரியே சொந்த ஊர் மண்ணுல படுத்தவரு, அந்த ஒத்துமைக்காகவாவது சேருங்க.

சிவலப்பேரிக்காரன்:
கான்சாகிப்ப யாருமே சொல்லல. மருதநாயகம், மதுரை திருநெல்வேலி ரெண்டையும் ஆண்டவரு, அது அரசியல் இல்லாம வேற என்ன. 1764 அக்டோபர்ல மதுரை சம்மட்டிபுரத்துல தூக்குல போட்டு, செத்தவரு எந்திரிச்சுருவாருன்னு பயந்து ஒடம்ப துண்டு துண்டாக்கி ஊருக்கு ஒண்ணா அனுப்புனாங்கன்னு சொல்லுவாங்க, தலை திருச்சிக்கு, கை பாளையங்கோட்டைக்கு. சம்மட்டிபுரத்துல தர்கா இருக்கு. அந்தக் கணக்குல பாத்தா நம்ம பாளையில ஒரு கவர்னரோட கை மட்டும் கெடக்கு. இத அமெரிக்கா பய லிஸ்ட்ல எப்படி எழுதுவான்னு தெரியல.

பாளை ஜெபா:
சிவலப்பேரி அண்ணே, இது சூப்பரு. அரசியல்வாதி இல்லைன்னாலும் நேரம் இருந்தா இடையன்குடியும் போங்க. தமிழ் ஆராய்ச்சி பண்ண பிஷப் கால்டுவெல் கொடைக்கானல்ல 1891-ல செத்தாரு, அங்கருந்து கொண்டாந்து அவரு கட்டுன சர்ச் பீடத்துக்கிட்டயே அடக்கம் பண்ணாங்க.

நயினார்குளத்தான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கவே இல்ல. மருமவன்ட்ட வாசிச்சுக் காட்டுனேன். அவன் ஒரு டேபிள் போட்டு வச்சிருக்கான், பேரு, பதவி, பொதச்ச எடம்னு மூணு கட்டம். பூலித்தேவருக்கு மூணாவது கட்டத்துல "ஜோதி"ன்னு தமிழ்லயே எழுதிட்டான். கான்சாகிப்புக்கு கட்டம் பத்தாம கோடு இழுத்துருக்கான். ஆஷ் பேர போடணுமா வேண்டாமான்னு அவங்க அம்மைக்கும் அவனுக்கும் போன்லயே சண்டை, கடைசியில போட்டுட்டான். அதுக்கு மேல வாஞ்சி பேரையும் போட்டு, எடம்னு வர்ற கட்டத்த காலியா விட்டுருக்கான்.

மொத நா பாளை, மணியாச்சி, பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், திரும்புறப்ப கயத்தாறு. மறுநா சேரன்மாதேவி, பாவநாசம், செங்கோட்டை, சங்கரன்கோயில். ரெண்டாவது நா ஒரே நாள்ல முடியுமா?

குறுக்குத்துறை தாத்தா:
முடியும், காலைல அஞ்சு மணிக்கு கெளம்புனா. பாவநாசத்த மொதல்ல வச்சுக்கோ, அருவிக்கு கூட்டம் வர்றதுக்கு முன்ன. பூடம் எதையாவது தாண்டுனா காரை நிறுத்தி தேங்கா உடைச்சுட்டுப் போ, புள்ள தூரதேசத்துல இருந்து வாரான்.

வள்ளியூர் பையன்:
மொத நா கயத்தாறுல லேட் பண்ணாம அஞ்சு மணிக்குள்ள டவுண் வந்துருங்க அண்ணாச்சி, இல்லைன்னா இருட்டுக்கடை லைன் தேரடி வரைக்கும் வந்துரும், பய அல்வா திங்காமலே ஊருக்குப் போவான்.