மில்லில் மெஷின் அணைந்து கிடக்கிறது, நாகியோஸ் திரையில் பச்சையாகவே நிற்கிறது – உதவி தேவை

வடுவூரான்:
வணக்கம். நீடாமங்கலம், முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து ரைஸ் மில்களில் டிரையர் (நெல் உலர்த்தும் மெஷின்) சூட்டைக் கவனிக்க ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் (சுருக்கமாக 'பை') வைத்திருக்கிறோம். நடு சர்வர் தஞ்சாவூர் ஆபீஸில், அதில் நாகியோஸ் கோர் என்ற கண்காணிப்பு சாஃப்ட்வேர். முதலில் சர்வரே கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி என்ஆர்பிஇ (போர்ட் 5666) போட்டிருந்தோம். மில்களில் இருப்பது 4ஜி சிம் ரவுட்டர், வெளியிலிருந்து உள்ளே நுழைய வழியே இல்லை. அதனால் பையே ரிசல்டை சர்வருக்கு அனுப்புகிற என்எஸ்சிஏ-வுக்கு மாறினோம். 5 நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஓடி, சென்ட்_என்எஸ்சிஏ மூலம் சர்வரின் 5667 போர்ட்டுக்கு அனுப்பும்.

வேதாரண்யம் பையில் "1 பாக்கெட் வெற்றிகரமாக அனுப்பப்பட்டது" என்றே வருகிறது. ஆனால் திரையில் அந்த மில்லின் சூட்டு சர்வீஸ் (நாகியோஸ் கவனிக்கும் ஒவ்வொரு விஷயமும் ஒரு சர்வீஸ்) 'பெண்டிங்'கிலேயே, அதாவது ரிசல்ட் எதுவும் வராத நிலையிலேயே நிற்கிறது. முத்துப்பேட்டையில் நிலைமை நேர் எதிர். ராத்திரி மழையில் கரண்ட் போய் பை அணைந்துவிட்டது, காலை வரை திரையில் பச்சை. இதுதான் பயமாக இருக்கிறது. சூடு ஏறினால் நெல்மணியில் விரிசல் விழும், அரைக்கும்போது பாதி நொய்யாகப் போகும். விவசாயிக்கும் நஷ்டம், மில்காரருக்கும் நஷ்டம்.

அரிச்சந்திரா:
பையின் கடிகாரத்தைப் பாருங்கள். பை 4 வரைக்கும் உள்ளே கடிகார சிப் கிடையாது, கரண்ட் போய் வந்தால் நேரம் பிந்திவிடும். என்எஸ்சிஏ 30 விநாடிக்கு மேல் பழைய பாக்கெட்டை வாங்காது.

குடமுருட்டி:
அந்த 30 விநாடி கணக்கு சரிதான், ஆனால் அந்த நேரம் பையின் நேரம் இல்லை சார். தொடர்பு கிடைத்ததும் சர்வர்தான் தன் நேரத்தை அனுப்புகிறது, பை அதையே பாக்கெட்டில் வைத்துத் திருப்புகிறது. லிங்க் ரொம்ப மந்தமாக இருந்தால் மட்டும் தட்டுப்படும்.

வடுவூரான், "வெற்றிகரமாக" என்பதை நம்ப வேண்டாம். அது கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதற்குச் சமம், சர்வர் ஏற்றுக்கொண்டதா என்று பதில் வராது. சர்வரில் இரண்டு இடம் பாருங்கள். சிஸ்லாகில் (சர்வரின் பொதுப் பதிவேடு) "பாஸ்வேர்டோ குறியாக்க முறையோ தவறாக இருக்கலாம்" என்று வந்தால் இரு பக்க கான்ஃபிக்கிலும் பாஸ்வேர்டோ முறை எண்ணோ ஒன்றாக இல்லை என்று பொருள். அங்கே சுத்தமாக இருந்தால் நாகியோஸ் லாகைப் பாருங்கள்.

வடுவூரான்:
சிஸ்லாகில் ஒன்றும் இல்லை சார். நாகியோஸ் லாகில் 5 நிமிடத்துக்கு ஒரு எச்சரிக்கை: ரிசல்ட் வந்தது, அந்தப் பெயரில் ஹோஸ்ட் (கவனிக்கப்படும் மெஷின்) இல்லை என்று. சர்வர் கான்ஃபிக்கில் ஊர்ப்பெயரின் முதல் எழுத்து பெரிய எழுத்து, பையில் எல்லாம் சின்ன எழுத்து.

குடமுருட்டி:
அதேதான். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், சர்வீஸ் பெயரும் அப்படியே. பை அனுப்பும் வரியில் ஹோஸ்ட், சர்வீஸ், ரிட்டர்ன் கோட் (நிலையைச் சொல்லும் எண்), செய்தி இந்த நான்குக்கும் நடுவில் டேப் இருக்கணும், ஸ்பேஸ் கூடாது. குறியாக்க முறை இன்னும் 1-லேயே இருந்தால் மாற்றிவிடுங்கள். அது வெறும் எக்ஸ்ஓஆர் (எளிதில் உடைகிற குறியாக்கம்), பொது இணையத்தில் போகிற தகவலுக்குப் பாதுகாப்பே இல்லை.

கோரையாறு:
தம்பி, முத்துப்பேட்டை விஷயத்துக்கு வருகிறேன். பேசிவ் செக்கில் (சர்வர் கேட்காமல் பையே அனுப்புவது) புது ரிசல்ட் வராத வரை பழையதுதான் திரையில் நிற்கும். "தகவல் வரவில்லை" என்பதை நீங்கள்தான் சர்வருக்குச் சொல்லிக்கொடுக்கணும். ஆக்டிவ் செக்கை (சர்வரே கேட்பது) 0 ஆக்குங்கள், செக் ஃப்ரெஷ்னெஸ் (ரிசல்ட் பழசாகிவிட்டதா என்று பார்ப்பது) 1, ஃப்ரெஷ்னெஸ் த்ரெஷோல்ட் (அதற்கான கெடு) 900 விநாடி. 5 நிமிட கிரானுக்கு ஒன்றிரண்டு தவறினாலும் அலற வேண்டாமே. செக் கமாண்டாக செக்_டம்மி (சொன்ன எண்ணை அப்படியே திருப்பும் சின்ன புரோகிராம்) வைத்து 2, அதாவது 'கிரிட்டிக்கல்', என்று திருப்பச் சொல்லுங்கள். ஆக்டிவ் செக் அணைந்திருந்தாலும் கெடு தாண்டியதும் நாகியோஸ் அதை ஓட்டும்.

பலரும் கோட்டைவிடுவது மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸில் (எத்தனை முறை தவறினால் அலெர்ட் போகணும் என்பது). அது 3 என்று இருந்தால், டம்மியின் பதிலையும் புது ரிசல்டாக எடுத்துக்கொண்டு கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். 15, 30, 45 நிமிடம் என்று மூன்று முறை தவறிய பிறகுதான் எஸ்எம்எஸ் வரும். டிரையருக்கு 45 நிமிடம் ரொம்ப அதிகம். 1 ஆக்குங்கள்.

ஆனால் சூட்டு சர்வீஸில் 1 வைத்தால் ஒரே ஒரு தப்பான ரீடிங்குக்கும் போன் அடிக்கும். அதனால் 'உயிரோட்டம்' என்று தனி சர்வீஸ் வைத்து, கெடு தாண்டினால் அது மட்டும் கத்தட்டும். சூட்டு சர்வீஸுக்கும் ஃப்ரெஷ்னெஸ் போடுங்கள், டம்மி 3 (அதாவது 'அன்நோன்', நிலை தெரியவில்லை) திருப்பட்டும், 'அன்நோன்' அலெர்ட்டை மட்டும் நிறுத்திவிடுங்கள். திரை பொய் சொல்லாது, போனும் ஓயாமல் அடிக்காது.

டம்மியின் செய்தியில் "மெஷின் டவுன்" என்று எழுதாதீர்கள், "15 நிமிடமாகத் தகவல் இல்லை" என்றே எழுதுங்கள். கஜா புயல் (2018 நவம்பர் 16) கரை கடந்த பக்கம் அது. அங்கே டவர் படுத்தாலும் சர்வருக்கு இதே நிலைதான் தெரியும்.

வடுவூரான்:
ரொம்ப நன்றி அண்ணே. வேதாரண்யம் ரிசல்ட் திரையில் வந்துவிட்டது. முத்துப்பேட்டை பையின் வயரைப் பிடுங்கி வைத்துப் பார்த்தோம், கெடு தாண்டியதும் சிவப்பு, எஸ்எம்எஸ்ஸும் வந்தது. நீடாமங்கலம் மில்லில் இப்போது ராத்திரி மெயினையே அணைத்துவிடுகிறார்கள். தினமும் நள்ளிரவில் அலறுமே?

கோரையாறு:
அந்த உயிரோட்டம் சர்வீஸுக்கு செக் பீரியட் (கவனிக்க வேண்டிய நேரம்) வையுங்கள், அந்த நேரத்துக்கு வெளியே ஃப்ரெஷ்னெஸ் பார்க்காது. மில் திறக்கிற நேரத்தையே தொடக்கமாக வைக்காதீர்கள், முந்தைய நாள் ரிசல்ட் பழசு என்று உடனே அலறும். 8 மணிக்கு மெயின் போடுகிறார்கள் என்றால் 8.20 வையுங்கள். தை, மாசி சம்பா அறுவடையில் டிரையர் விடிய விடிய ஓடும், அப்போது 24 மணி நேரத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம். இன்னொன்று தம்பி, சூடு எல்லை தாண்டினால் மில்லுக்குள்ளேயே ஒரு பஸ்ஸர் அடிக்கிற மாதிரி பையிலேயே வைத்துவிடுங்கள். சிம்மில் சிக்னல் இல்லாத நேரத்தில் அங்கே நிற்கிற ஆளுக்குத்தான் முதலில் தெரியணும்.