ஐஐடி மெட்ராஸ் முதல் செமஸ்டர்: குவிஸ்ல 20க்கு 9 வாங்கினா என்ன கிரேடு வரும்?

புதுவரவு எழுதியது:

முதல் வருஷம் பி.டெக். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், ஸ்டேட் போர்டு. குவிஸ் 1 முடிஞ்சு மார்க் வந்துருச்சு. மேத்ஸ்ல (பல மாறி கால்குலஸ்) 20க்கு 9, கிளாஸ் ஆவரேஜ் 7.8. மெக்கானிக்ஸ்ல 20க்கு 12, அங்க ஆவரேஜ் 13.5. ரெண்டுமே 300 பேர் உட்கார்ற கிளாஸ்.

எத்தனை மார்க்குக்கு என்ன கிரேடுன்னு எங்கயும் எழுதி வைக்கலை. கேட்டா "ஆர்ஜி, கடைசியிலதான் தெரியும்"ங்கிறாங்க. இதை எப்படிக் கணக்குப் போடுறது? எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் ஒதுக்கணும்? சிஆர்சியில (கிளாஸ்ரூம் காம்ப்ளெக்ஸ் கட்டடம்) பின் வரிசையில உட்கார்ந்தா பாதி காதுல விழறதில்லை, விழுந்தாலும் வேகம் பிடிபடலை. கிளாஸை விட்டுட்டு புத்தகத்தை மட்டும் வெச்சுப் படிச்சா போதுமா? தெரிஞ்ச அண்ணா, அக்கா யாராவது விவரமா சொல்லுங்க.

---

ஏ_ஸ்லாட் எழுதியது:

தம்பி, முதல்ல ஒண்ணு. உங்க 9 நல்ல மார்க், உங்க 12 சுமார் மார்க். பள்ளிக்கூடத்துல 12தான் பெருசு, இங்க அப்படி இல்லை.

ஆர்ஜின்னா ரிலேட்டிவ் கிரேடிங். எஸ்-க்கு 10 பாயிண்ட், ஏ 9, பி 8, சி 7, டி 6, ஈ 4, யூ (ஃபெயில்) 0. கவனிங்க, டி-க்குக் கீழ 5 கிடையாது, நேரா 4. எல்லைக்கோடு எங்கன்னு எண்ட் செமஸ்டர் முடிஞ்சு எல்லா மார்க்கும் கூட்டினதுக்கு அப்புறம்தான் முடிவாகும். சில பேராசிரியர்கள் ஆவரேஜையும் திட்ட விலக்கத்தையும் (ஸ்டாண்டர்டு டீவியேஷன், மார்க் ஆவரேஜைச் சுத்தி எவ்வளவு பரவியிருக்குங்கிற அளவு) வெச்சுப் பிரிப்பாங்க. சிலர் மொத்த மார்க்கை இறங்குவரிசையில அடுக்கி, எங்க பெரிய இடைவெளி விழுதோ அங்க கோடு போடுவாங்க. அதுக்கப்புறம் கிளாஸ் கமிட்டி உட்கார்ந்து இறுதி செய்யும். அதனால "மேத்ஸ்ல 60க்கு மேல பி"ன்னு போன வருஷத்துக்காரங்க சொல்றதை நம்பி உட்காராதீங்க. அது அவங்க கிளாஸோட கணக்கு.

நீங்களே போட்டுப் பார்க்கிற வழி: திட்ட விலக்கம் தெரியலைன்னா, 300 பேர்ல ஏறக்குறைய 50ஆவது ரேங்க்ல இருக்கிறவரோட மார்க் தெரிஞ்சா போதும். மார்க் ஓரளவு மணி வடிவத்துல பரவியிருந்தா, அதுல இருந்து ஆவரேஜைக் கழிச்சா வர்றதுதான் விலக்கம், தோராயமா. மேத்ஸ்ல அது 3ன்னு வையுங்க. உங்க 9, ஆவரேஜுக்கு மேல 1.2, அதாவது 0.4 விலக்கம் மேல. மெக்கானிக்ஸ்ல 2.5ன்னா, நீங்க 1.5 கீழ, அதாவது 0.6 விலக்கம் கீழ. ஆகவே கை வைக்க வேண்டிய பாடம் மெக்கானிக்ஸ்.

இன்னொண்ணு, பயப்படுறதுக்கும் சந்தோஷப்படுறதுக்கும் ரெண்டுக்குமே இது சீக்கிரம். வழக்கமான பிரிவு: குவிஸ் 1க்கு 20, குவிஸ் 2க்கு 20, அசைன்மென்ட் 10, எண்ட் செம் 50. பாடத்துக்குப் பாடம் கொஞ்சம் மாறும், முதல் கிளாஸ்ல குடுத்த தாள்ல இருக்கும். எண்ட் செம்ல விலக்கம் 9 மார்க்னு வெச்சா, அதே 0.6 விலக்கம் ஏறினா 5.4 மார்க். இப்ப விட்ட 1.5ஐ மூணு மடங்குக்கும் மேலயே எடுத்துடலாம். அதே கணக்கு திரும்பியும் அடிக்கும்: குவிஸ்ல மேல இருந்துட்டு எண்ட் செம்ல சறுக்கினா மொத்தமும் போச்சு.

---

மரத்தடி எழுதியது:

மேல சொன்ன கணக்கு சரி. கிரெடிட்டையும் (மொத்த ஆவரேஜ்ல ஒரு பாடத்துக்கு இருக்கிற எடை) சேர்த்துப் பாருங்க, அதை நிறைய பேர் மறந்துடுறாங்க.

உதாரணத்துக்கு நாலு பாடம்: 10 கிரெடிட்ல டி, 10 கிரெடிட்ல பி, 12 கிரெடிட்ல சி, 6 கிரெடிட்ல ஏ. பெருக்கிக் கூட்டினா 60 + 80 + 84 + 54 = 278. மொத்தம் 38 கிரெடிட், வகுத்தா 7.32. அந்த டி சி ஆனா 7.58. அந்த 6 கிரெடிட் ஏ எஸ் ஆனா 7.47தான். டி-யில இருந்து சி-க்கு ஏறுறது பெரும்பாலும் ஏ-யில இருந்து எஸ்-க்கு ஏறுறதைவிட லேசு, ஏன்னா நடுவுலதான் கூட்டம் அதிகம், நாலஞ்சு மார்க்கே ஒரு படி தூக்கிடும். பிடிச்ச பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறவங்க ஏமாறுற இடம் இதுதான்.

கிளாஸை விடலாமான்னா, விட முடியாது, 85 சதவீத வருகை கட்டாயம். வாரம் மூணு லெக்சர், ஒரு டுடோரியல்னு இருக்கிற பாடத்துல விடுமுறை போக 50 வகுப்பு நடந்தா, 43க்கு இருந்தாகணும். கையில இருக்கிறது 7. குறைஞ்சா கிரேடுக்குப் பதில் டபிள்யூ போட்டுடுவாங்க. அது யூ-வைவிட மோசம்: எண்ட் செம் எழுத முடியாது, பாடத்தை முழுசா திரும்ப உட்கார்ந்து முடிக்கணும். அந்த 7ஐ ஆரம்பத்துலயே செலவு பண்ணிட்டு கடைசி மாசம் காய்ச்சல் வந்து மாட்டுறவங்கதான் அதிகம். உடம்பு சரியில்லைன்னா இன்ஸ்டிட்யூட் ஆஸ்பத்திரியில காட்டி அன்னைக்கே சீட்டு வாங்கி வையுங்க.

காதுல விழாததுக்கு மருந்து ரொம்ப சாதாரணம்: முதல் நாலு வரிசை. ஸ்லாட் முறையில (ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு எழுத்து, அந்த எழுத்துக்கு வாரத்துல சில நேரங்கள்) நேரம் நாளுக்கு நாள் மாறும், திங்கள் காலை 8 மணிக்கு வர்ற ஏ ஸ்லாட் மற்ற நாள்ல வேற நேரத்துல வரும். 50 நிமிஷ வகுப்பு முடிஞ்சு அடுத்ததுக்கு சைக்கிள் மிதிச்சுப் போறதுக்குள்ள முன் வரிசை நிறைஞ்சுடும். முந்தின வகுப்பும் அதே கட்டடமான்னு டைம்டேபிள்ல பாருங்க. இல்லைன்னா பாதிப் படிக்கட்டுல உட்காரத் தயாரா போங்க.

ஆங்கிலம் பத்தி. ஜேஇஇ அட்வான்ஸ்டு தாளே ஆங்கிலத்துலயும் இந்தியிலயும் மட்டும்தான் வருது. அதைத் தாண்டி வந்தவருக்கு வாசிக்கிற ஆங்கிலம் சிக்கல் இல்லை. கேட்கிற ஆங்கிலம்தான் சிக்கல், அதுவும் ஒரு இருபது முப்பது சொற்றொடர்லதான். "வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி"ன்னா எந்த வகையை எடுத்தாலும் பொதுத்தன்மை கெடாது, அதனால ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன்னு அர்த்தம். "இட் சஃபைசஸ் டு ஷோ"ன்னா இதை மட்டும் நிறுவினா போதும். "ட்ரிவியல்"னா வெளிப்படை, பலகையில எழுத மாட்டார், நீங்கதான் ரூமுக்குப் போய் எழுதிப் பார்க்கணும். நோட்டோட கடைசிப் பக்கத்துல இதுக்கு ஒரு பட்டியல் போடுங்க. கணக்கு உங்களுக்குப் புதுசே இல்லை, பகுதி வகைக்கெழு நம்ம பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்துலயே இருக்கு. பேரு மட்டும்தான் பார்ஷியல் டெரிவேட்டிவ். திருப்பு விசைதான் டார்க். முதல் நாள் ராத்திரி 15 நிமிஷம் அடுத்த வகுப்புத் தலைப்பை தமிழ்ப் புத்தகத்துல ஒரு தடவை புரட்டிட்டுப் போனா, வேகம் பாதி குறைஞ்ச மாதிரி இருக்கும். என்பிடெல் (ஐஐடி பேராசிரியர்களோட இணையப் பாடங்கள்) காணொளியை 0.75 வேகத்துல போட்டுக் கேட்கிறதும் காதைப் பழக்கும்.

---

புதுவரவு எழுதியது:

ரொம்ப நன்றி. மெக்கானிக்ஸ்தான் பிரச்சினைன்னு இப்பதான் புரியுது. ஒரு சந்தேகம்: ரெண்டு பாடத்துலயுமே விடை ஏறக்குறைய சரியா வந்த கேள்விக்குக்கூட 4க்கு 1 போட்டிருக்காங்க. மேத்ஸ்ல ஒரு எல்லைக் (லிமிட்) கணக்கு, மெக்கானிக்ஸ்ல சுவர்ல சாய்ச்ச ஏணி. திருத்தினவர்கிட்ட கேட்கலாமா?

---

சிவப்புமை எழுதியது:

கேட்கணும். விடைத்தாள் காட்டுற நாள்னு ஒண்ணு வெப்பாங்க, அன்னைக்குப் போகாம விட்டா அப்புறம் யாரும் தாளைத் தேடி எடுக்க மாட்டாங்க. போகும்போது "மார்க் குறைஞ்சிருக்கு"ன்னு போகாதீங்க. "3ஆவது கேள்வி, ரெண்டாவது வரியில எது தப்பு"ன்னு குறிப்பா கேளுங்க. கூட்டல் பிழை, பின்பக்கம் திருத்தாம விட்டது, இது ரெண்டும் அன்னைக்கே சரியாகிடும். வழிமுறைக்கு எத்தனை மார்க்ங்கிறது 300 தாளுக்கும் ஒரே அளவுகோல், அது ஒருத்தருக்காக மாறாது.

நீங்க சொன்ன ரெண்டும் திருத்துற மேஜையில தினம் பார்க்கிற தப்பா இருக்கும்னு நினைக்கிறேன்.

எல்லைக் கணக்கு: மேல எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய், கீழ எக்ஸின் நான்காம் அடுக்கு கூட்டல் ஒய் வர்க்கம், ஆதிப்புள்ளியில எல்லை உண்டா? பாதிக் கிளாஸ் ஒய் = எம் எக்ஸ்னு போட்டு, எல்லா நேர்கோட்டுலயும் 0 வருது, ஆகவே எல்லை 0ன்னு முடிச்சிருப்பாங்க. இப்ப ஒய் = எக்ஸ் வர்க்கம்னு பரவளையத்து வழியா வாங்க: மேல எக்ஸின் நான்காம் அடுக்கு, கீழ அதே மாதிரி ரெண்டு. விடை 1/2. அப்ப எல்லையே கிடையாது. நேர்கோடுகள்ல சரிபார்க்கிறது எல்லை இல்லைன்னு காட்டத்தான் உதவும், இருக்குன்னு நிறுவ உதவாது. இருக்குன்னு நிறுவ, சார்போட மட்டு மதிப்பை 0க்குப் போற ஏதோ ஒண்ணுக்குள்ள அடைச்சுக் காட்டணும். பயிற்சி மையத்துல விடையைத் தேர்ந்தெடுத்துப் பழகின கை இங்க இடறும். தேர்ந்தெடுக்க நாலு விடை இல்லை, ஏன்னு எழுதினாத்தான் மார்க்.

ஏணி: தரையில உராய்வு விசைன்னதும் உடனே "மியூ பெருக்கல் என்"னு (உராய்வுக் கெழு பெருக்கல் செங்குத்து விசை) எழுதுறது. அது வழுக்கப்போற நொடியில மட்டும்தான் சமம். சும்மா நிக்கிற ஏணியில உராய்வு ஒரு தெரியாத எண், சமநிலைச் சமன்பாட்டுல இருந்து வரணும். வந்ததுக்கு அப்புறம் மியூ என்-னைவிடக் குறைவான்னு சோதிக்கணும். அந்தச் சோதனை வரிக்கே தனி மார்க் இருக்கும். ஃப்ரீ பாடி படத்துல (ஒரு பொருள் மேல வர்ற விசைகளை மட்டும் காட்டுற படம்) ஏணியை மட்டும் வரையணும், சுவரையும் தரையையும் வரைஞ்சா தள்ளுபடி. ஒவ்வொரு அம்புக்கும் பேர், திசை. எந்தப் புள்ளியைச் சுத்தி திருப்பு விசை எடுத்தீங்கன்னு ஒரு வரி. படம் தப்புன்னா கீழ இருக்கிற பக்கம் முழுக்க சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ப்ரோகிராமிங் இருந்தா அதையும் சொல்லிடறேன். சி மொழியில 5/2ன்னா 2, 2.5 இல்லை. ஆவரேஜ் கேட்ட கேள்வியில வருஷா வருஷம் இதுலதான் விழறாங்க. உள்ளீடு வாங்குற ஸ்கேன்எஃப்ல மாறி பேருக்கு முன்னாடி ஆம்பர்சண்ட் (&) போட மறக்கிறது அடுத்தது. தாள்ல எழுதுற தேர்வுல கம்பைலர் வந்து காப்பாத்தாது.

படிக்கிற வரிசை: டுடோரியல் தாளை விடை பார்க்காம முதல்ல போடுங்க, மாட்டின கேள்வியை மட்டும் டுடோரியல்ல கேளுங்க. அப்புறம் பழைய குவிஸ் தாள் மூணு, கடிகாரம் வெச்சு 50 நிமிஷம். தீர்வைப் பார்த்து "ஆமா, இதுதான்"னு தலையாட்டுறதை நிறைய பேர் படிப்புன்னு நினைச்சுக்கிறாங்க.

---

ஏ_ஸ்லாட் எழுதியது:

சிவப்புமை சொன்னதுல ஒரு சின்ன மறுப்பு. பழைய தாளை மட்டும் நம்ப வேண்டாம். பாடம் எடுக்கிறவர் மாறினா கேள்வியோட சுபாவமே மாறிடும். அவர் எடுத்த வருஷத்துத் தாளாத் தேடுங்க. கிடைக்கலைன்னா அவர் குடுத்த டுடோரியல் தாள்தான் சரியான அறிகுறி.

இன்னொண்ணு, ஆர்ஜிங்கிற பேரைச் சொல்லி நோட்ஸை ஒளிச்சு வைக்கிற ஆளுங்க ஹாஸ்டல்ல தட்டுப்படுவாங்க. கணக்கு போட்டே பார்க்கலாம். நீங்க அஞ்சு பேருக்குச் சொல்லிக்குடுத்து ஆளுக்கு 4 மார்க் ஏறினா, 300 பேர் கிளாஸ் ஆவரேஜ் 20/300, அதாவது 0.07 ஏறும். உங்க கிரேடு அசையாது. ஏணிக் கணக்கை ஒருத்தருக்கு வாய்விட்டு விளக்கும்போது உங்களுக்கு எங்க இடிக்குதுன்னு தெரியுமே, அதோட விலை 0.07ஐவிட எவ்வளவோ அதிகம்.

---

புதுவரவு எழுதியது:

தாள் காட்டுற நாள் வியாழக்கிழமை, போறேன். கடைசியா ஒண்ணு: 85 சதவீதம் ஒர்க்‌ஷாப்புக்கும் லேபுக்கும் தனித்தனியாவா? ஒரு நாள் ஏற்கெனவே விட்டாச்சு.

---

மரத்தடி எழுதியது:

ஒவ்வொரு பாடத்துக்கும் தனி. லேப் 12 நாள்தான் நடக்கும்னா 85 சதவீதம் 10.2 வருது, அப்ப 11 நாள் இருக்கணும். விடக்கூடிய ஒரு நாளை நீங்க விட்டாச்சு. பொறுப்பாசிரியர்கிட்ட இந்த வாரமே போய், வேற பேட்ச்சோட சேர்ந்து அந்தப் பயிற்சியை முடிக்க முடியுமான்னு கேளுங்க. செமஸ்டர் முடியுற நேரத்துல கேட்டா எல்லா பேட்ச்சும் அந்தப் பயிற்சியைத் தாண்டியிருக்கும், மெஷினும் காலியா இருக்காது.