தெருநாய் கருப்பிக்குக் காதுக்குப் பின்னாடி புழுப்புண்: தெரு குழு, சென்னை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி போறதுக்கு முந்தின சாயங்காலம்

கீதா, 14ஆம் நம்பர் (மாலை 6:12)
இஸ்திரி வண்டிகிட்ட படுக்குற கருப்பிக்கு வலது காதுக்குப் பின்னாடி ஒரு ரூபாய் அளவு ஓட்டை. உள்ள வெள்ளை வெள்ளையா நெளியுது, நாத்தம் தாங்கல. தலைய உதறிக்கிட்டே இருக்கா. செலவு கம்மியா எங்க காட்டலாம்?

வசந்தா அக்கா (6:14)
கிட்ட போறதுக்கு முன்னாடி பாரு கீதா. தண்ணி வச்சா குடிக்கிறாளா? தாடை தொங்கி எச்சில் ஒழுகுதா? நடை தள்ளாடுதா? வெறிநாய்க்கடி சந்தேகம் துளி இருந்தாலும் யாரும் தொடக்கூடாது.

கீதா (6:17)
நல்லா குடிச்சா. கூப்பிட்டா வாலாட்டறா.

வசந்தா அக்கா (6:20)
சரி. ஈ முட்டை வச்சு ஒரு நாளைக்குள்ள புழுவாயிடும், அப்புறம் சதையத் தின்னுட்டே உள்ள போகும். வெளிய ஓட்டை சின்னதா தெரியும், உள்ள பை மாதிரி குடைஞ்சிருக்கும். தலைப் பக்கம் வேற. ராத்திரிக்கே முதலுதவி, விடிஞ்சதும் டாக்டர்.

முருகேசன் அண்ணா (6:22)
டர்பன்டைன் ஊத்தினா மொத்தமும் வெளிய வந்துடும்மா. பெயிண்ட் அடிக்க வாங்கினது வீட்ல இருக்கு.

வசந்தா அக்கா (6:25)
ஊத்தவே வேண்டாம்ண்ணா. சதை வெந்துடும், காதுக்குள்ள இறங்கினா இன்னும் மோசம். அந்த எரிச்சல்ல ஒரு தடவை ஓடினான்னா அப்புறம் யார் கைக்கும் சிக்க மாட்டா. ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், புதுசா வளர்ற சதையயும் சேர்த்து அரிச்சுடும்.

ரஹீம் பாய், மெடிக்கல் (6:27)
புழுப்புண்ணுக்கு அடிக்கற டோபிக்யூர் ஸ்பிரே, பீட்டாடைன், காஸ் கட்டுத்துணி, கையுறை எடுத்து வைக்கறேன். காசு அப்புறம் பாத்துக்கலாம். வலிக்கு பாராசிட்டமால், புரூஃபன் எதுவும் குடுத்துடாதீங்க, நாய்க்கு விஷம். பூனைக்குன்னா பாராசிட்டமால் அரை மாத்திரையே உயிர எடுத்துடும்.

வசந்தா அக்கா (6:33)
நன்றி பாய். கீதா, ரெண்டு பேர் வேணும். ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில ஒன்றரை டீஸ்பூன் உப்பு. அவ கடிக்காம இருக்க காஸ்துணிய அவ மூக்குக்கு மேல ரெண்டு சுத்து, தாடைக்குக் கீழ குறுக்க விட்டு காதுக்குப் பின்னாடி முடிச்சு. உருவினா அவிழற முடிச்சா போடு. மூச்சு வாங்கினாலோ வாந்தி வந்தாலோ அந்த நொடியே எடுத்துடணும். உப்புத்தண்ணில கழுவி, ஸ்பிரேய ஓட்டை வாய்க்கு நேரா ரெண்டு தடவை. கண்ணு பக்கம் கைய வச்சு மறைச்சுக்கோ. பத்து நிமிஷத்துல புழு மூச்சு முட்டி வெளிய தலை நீட்டும், முனை மொட்டையான இடுக்கியால ஒண்ணொண்ணா எடு. நசுக்கக் கூடாது. எடுத்ததை உப்புத்தண்ணி டப்பால போடு, மண்ணுல விட்டா திரும்ப ஈயாயிடும். ஆழத்துல இருக்கறது இன்னிக்கு வராது, அதுக்குத்தான் டாக்டர்.

கீதா (6:35)
கடிச்சுட்டா?

வசந்தா அக்கா (6:37)
குழாய்ல சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சளோ காப்பித்தூளோ வைக்கக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரி, ஊசி இலவசம். கைல தோலுக்குள்ள போடறதுன்னா 0, 3, 7, 28ஆம் நாள். ஒண்ணு கூட விடக் கூடாது.

முருகேசன் அண்ணா (6:41)
கால்நடை ஆம்புலன்ஸ் 1962க்கு போன் போடட்டுமா?

வசந்தா அக்கா (6:44)
அது பெரும்பாலும் ஆடு மாடுக்கு வர்ற வண்டிண்ணா, அதை நம்பி உக்கார வேண்டாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போங்க. 1903லேந்து இருக்கற கல்லூரி. அறுவை, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே இடம், சீட்டுக் காசும் கம்மி. சில மருந்து வெளிய எழுதுவாங்க. காலைலயே வரிசைல நின்னுடணும். தனியார் டாக்டர்னா, "தெருநாய், நாங்க சேர்ந்து செலவு பண்றோம், எது அவசியமோ அதை மட்டும் பண்ணுங்க"ன்னு முதல்லயே சொல்லி, எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்கிக்கோங்க. நிறைய பேர் குறைச்சுப்பாங்க. பில்ல குழுல போட்டுடுங்க.

கீதா (6:46)
ஆளுக்கு 200 போட்டா சரியா இருக்குமா அக்கா? பிராணிகளைக் காப்பாத்தற ப்ளூ கிராஸ்ல சேர்த்துட முடியாதா?

வசந்தா அக்கா (6:52)
காசு சேர்ந்துடும் கீதா. கஷ்டம் அதுக்கப்புறம்தான். பத்து நாள் தினமும் கட்டு மாத்தணும், ஈ உக்காராம பாக்கணும், வேளைக்கு மாத்திரை போகணும். ப்ளூ கிராஸ் 1959லேந்து இதைத்தான் செய்யறாங்க, ஆனா கூட்டம் ஜாஸ்தி, போன்ல கேட்டுட்டுதான் கூட்டிட்டுப் போகணும். தடுப்பூசி போடாத நாய அத்தனை நாய்ங்க நடுவுல விட்டா டிஸ்டெம்பர்ங்கற தொற்று நோய் ஒட்டிக்கற பயமும் இருக்கு. இங்கயே நிழலா, கதவு போட்ட இடம் யார்கிட்ட இருக்கு?

முருகேசன் அண்ணா (6:58)
எங்க வீட்டுப் பின்பக்க பைக் ஷெட் காலியாதான் கிடக்கு. கொசுவலை கட்டிடறேன். ஆட்டோவும் சொல்லிடறேன், நாய்னு முன்கூட்டியே சொல்லி பிளாஸ்டிக் ஷீட் விரிச்சுட்டா வருவாரு.

வசந்தா அக்கா (7:01)
ரொம்ப நல்லதுண்ணா. அவ காது நுனில அடையாள வெட்டு இருக்கு, அப்படின்னா ஏற்கனவே கருத்தடை ஆனவ. அதை சீட்டு போடற இடத்துல சொல்லுங்க. வெறிநாய்த் தடுப்பூசி எப்ப போடலாம்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கீதா (8:25)
முப்பத்தோரு புழு எடுத்தாச்சு. உள்ள இன்னும் அசையுது, ஆனா தலைய உதறல. ஷெட்ல படுத்துட்டா. தயிர்சாதம் வைக்கட்டுமா?

வசந்தா அக்கா (8:27)
இப்பவே கொஞ்சமா வை, 10 மணிக்கு மேல ஒண்ணும் வேண்டாம், தண்ணி மட்டும். நாளைக்கு மயக்க ஊசி போட்டா வயித்துல இருக்கறது வாந்தியாகி நுரையீரலுக்குள்ள போயிடும். எல்லாருக்கும் சொல்றேன், காலைல பால் வாங்க வர்றப்ப பாவம்னு ஷெட்டுக்குள்ள பிஸ்கட் போட்டுடாதீங்க.