திங்கக்கெழம ஆனா "நேத்து ஃபாதர் என்ன கலர் உடுப்பு?"னு கேப்பாங்களே, உங்க ஸ்கூல்லயும் உண்டா?

கித்தாக்காட்டு_மேரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவுல, கெடா மாநிலத்துல ஒரு எஸ்டேட் டவுன்ல படிச்சவ, வயசு 56, ஊரு பேரு ஸ்கூல் பேரெல்லாம் வேணாம். போன வாரம் ஒரு காரியம் பண்ணிட்டேன். பேத்தி புது நன்மை (மொத தடவ நற்கருணை வாங்குறது) கிளாஸுக்கு போறா, பூசைக்கு வந்த ஒவ்வொரு ஞாயிறுக்கும் கார்டுல ஒரு ஸ்டாம்ப் அடிக்கிறாங்க. காய்ச்சல்ல ரெண்டு வாரம் போகல, ரெண்டு கட்டம் காலி, புள்ள அதயே பாத்து பாத்து அழுவுது. நான் நேரா போயி அந்த டீச்சர்கிட்ட சத்தம் போட்டுட்டேன். சின்ன பொண்ணு, பயந்துபோச்சு. வீட்டுக்கு வந்து மொகத்த கழுவுனப்பதான் வெளங்குச்சு, அது நான் 1979லயே போட்டிருக்க வேண்டிய சத்தம்.

அப்ப நான் ஸ்டாண்டர்ட் ஃபோர். திங்கக்கெழம காலைல அசெம்ப்ளி முடிஞ்சதும் கத்தோலிக்க புள்ளைங்கள மட்டும் வராந்தாவுல நிக்க வெச்சு சிஸ்டர் ஒவ்வொருத்தரா கேப்பாங்க, நேத்து ஃபாதர் என்ன கலர் உடுப்பு போட்டாரு, பூசை உடுப்பு கலர் காலத்துக்கு தக்க மாறும், பூசைக்கு வந்தவளுக்குத்தானே தெரியும். டவுன்ல இருக்குற கிராணி (எஸ்டேட் கிளார்க்) வீட்டு புள்ளைங்க நடந்தே கோயிலுக்கு வந்துடும். எங்களுக்கு எஸ்டேட் லோரி வந்தாதான் பூசை, லோரி இல்லனா பூசை இல்ல, லோரிக்காக அடி வாங்குனது மட்டும் நாங்க. பெரும்பாலும் பச்சைனு அடிச்சு விட்டா தப்பிச்சிடலாம். தவசுகாலத்துல, அதாவது ஈஸ்டருக்கு முன்ன வர்ற நாப்பது நாள்ல, வயலட், அதுல சந்தேகமே இல்லனு நான் தைரியமா இருந்தேன். அப்படித்தான் அந்த திங்கக்கெழமையும் லோரி வராத ஞாயிறுக்கு "வயலட் சிஸ்டர்"னு சொன்னேன். பக்கத்துல நின்ன கிராணி மக மெதுவா சிரிச்சா. அன்னிக்கு ரோஸ் கலராம்! தவசுகாலத்துல எவன் ரோஸ் போடுவான்?

மெல்லிசு ரோத்தான், அதான் பிரம்பு, நுனியில பச்சை பிளாஸ்டர் சுத்தியிருக்கும். உள்ளங்கையில மூணு. வரலங்குறதுக்கு ஒண்ணு, பொய்க்கு ரெண்டு. இன்னிக்கும் ரோஸ் கலர் சட்ட எனக்கு ஆவாது. அதுக்கப்புறம் லோரி வராத வாரமெல்லாம் திங்கக்கெழம காலைல அம்மா எனக்கு தலை பின்னும்போதே கலர சொல்லிடுவாங்க, காலண்டர்ல பாத்து சொல்றாங்கனு நெனச்சிக்குவேன்.

என் கேள்வி இதுதான்: எங்க ஸ்கூல்ல மட்டுந்தானா, இல்ல எல்லா எடத்துலயும் இப்படித்தானா? நான் அந்த டீச்சர்கிட்ட போயி மன்னிப்பு கேக்கணுமா?

பாகான்_செராய்_பையன்:

அக்கா மன்னிப்பு கேட்ருங்க, ஆனா ஸ்டாம்ப் கார்டு வேணாம்னும் சேத்து சொல்லிருங்க. உடுப்பு கலர் எங்களுக்கும் உண்டு, எங்களுக்கு கலர் சொன்னா மட்டும் பத்தாது, பிரசங்கத்துல ஃபாதர் சொன்ன கதை என்னனும் கேப்பாங்க.

எங்க ஊரு பேராக்குல இருக்குற பாகான் செராய். 1880கள்ல ரெனே ஃபேனு ஒரு பிரெஞ்சு ஃபாதர் தமிழ் கத்தோலிக்கருக்குனே காடு வெட்டி குடியிருப்பு போட்ட எடம், பின்னால 1896ல அவரு மலாக்கா ஆயராவும் ஆனாரு. அதனால எங்க வீட்டுல ராத்திரி ஜெபமாலை சொல்லாம சோறு கெடையாது. வெள்ளிக்கெழமைல எறைச்சி தொட்டா சாவான பாவம், மீனுனா பரவால்லனு பாட்டி சொல்லி வெச்சிருச்சு. ஆனா வெள்ளிக்கெழம ஆனா அம்மா டின் தொறந்து சம்பல் போடும், டின் மேல சேவல் படம், ஆயாம் பிராண்ட். ஆயாம்னா கோழி, அந்த அளவு மலாய் எனக்கு தெரியும். உள்ள இருக்குறது மீனுதான்னு எனக்கு தோணவே இல்ல, தக்காளி கொழம்புல கெடக்குற முள்ளு கோழி எலும்புனு நெனச்சிட்டேன். ரெண்டு வருசமா அம்மாவே என்ன நரகத்துக்கு அனுப்புதுனு நெனச்சு அழுதுகிட்டே சாப்புடுவேன், சாப்புடாமயும் இருக்க முடியாது ருசி அப்படி.

மொத பாவசங்கீர்த்தனத்துல, அதான் ஃபாதர்கிட்ட பாவத்த சொல்றதுல, மொழங்கால் போட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஃபாதர் "என்ன டின்?"னு கேட்டாரு, சேவல் படம் போட்டதுனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் அந்த பலகை கூண்டே ஆடுது. சிரிப்ப அடக்கிட்டு மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுனாரு. எதுக்கு மூணு, மீனுக்குதானேனு இன்னிக்கு வரைக்கும் புரியல.

பழைய_பீடப்பையன்:

நான் 1948ல பொறந்தவன், நீங்கல்லாம் சொகமா வளந்த புள்ளைங்க. மேரி தங்கச்சி, அந்த ரோஸ் உடுப்பு உண்மைதான்மா. வருசத்துக்கு ரெண்டே நாள், கிறிஸ்மஸுக்கு முன்ன வர்ற திருவருகைக்கால மூணாவது ஞாயிறு, தவசுகாலத்துல நாலாவது ஞாயிறு. பாதி தவசு தாண்டிட்டோம் கொஞ்சம் மூச்சு விடுங்கனு அர்த்தம். அந்த நாலாவது ஞாயிறுக்கு லத்தீன்ல லேத்தாரேனு பேரு, சந்தோசப்படுனு அர்த்தம். அந்த ஞாயிறுக்குத்தான் உனக்கு மூணு அடி!

நான் பீடப்பையன், பூசையில ஃபாதருக்கு ஒத்தாசை பண்றவன். எங்க காலத்துல பூசை முழுக்க லத்தீன். உபதேசியார் தமிழ் எழுத்துல எழுதி குடுத்த நோட்ட வெச்சு மனப்பாடம் பண்ணுவோம், "அத் தேயும் குயி லேத்திஃபிகாத் யுவெந்தூத்தெம் மேயாம்". எங்க ஃபாதருக்கு முன்னால தடுமாறுனா பூசை முடிஞ்சு மண்டையில கொட்டு. அர்த்தம் யாரும் சொல்லல, ரிட்டையரான பெறவுதான் தெரிஞ்சிக்கிட்டேன், என் எளமைக்கு மகிழ்ச்சி தர்ற கடவுளிடம் போவேன்னு சொல்லிருக்கேன், கண்ணுல தண்ணி வர வர. நான் மேல சொன்ன லேத்தாரேவும் இந்த லேத்திஃபிகாத்தும் ஒரே வேருதான்.

பட்டினி வேற. 1957 வரைக்கும் நன்மை வாங்கணும்னா நடுராத்திரியில இருந்து சாப்புடக்கூடாது, 1953க்கு பெறவு பச்சைத்தண்ணி மட்டும் குடிக்கலாம்னாங்க. விடிகாலைல எந்திரிச்சு மூணு மைல் நடந்து போயி மணி அடிக்கணும். ஒரு தடவ மணிய அடிச்சிட்டு நானும் கூடவே விழுந்துட்டேன். 1957ல மூணு மணி நேரமாக்கி 1964ல ஒரு மணி நேரமாக்குனாங்க, அப்ப எனக்கு மீசை வந்துருச்சு.

கண்ணாடி_ரோஸ்லின்:

படிச்சிட்டு சும்மா இருக்க முடியல. எல்லா சிஸ்டருங்களையும் ஒரே தராசுல வெக்காதீங்க. என் ஸ்கூல் 1852ல பினாங்குக்கு வந்த குழந்தை இயேசு சிஸ்டருங்களோடது, மேரி உங்களது எதுன்னு எனக்கு தெரியாது. போர்டு தெரியலனு நான் சொல்லவே இல்ல, ஒரு சிஸ்டர் கண்டுபிடிச்சு பஸ்ஸுல பட்டர்வொர்த் கூட்டிட்டு போயி கண்ணாடி வாங்கி குடுத்தாங்க, மலேசிய காசு 32 வெள்ளி, அப்பாவோட ஒரு வார சம்பளத்த தாண்டும். அவங்க இல்லனா பதினாறு வயசுல நானும் ரப்பர் பால் வாளி தூக்கியிருப்பேன். அடிச்சாங்கதான், இல்லங்கல. முக்காடு மறந்துட்டு வந்தா கைக்குட்டைய ஹேர்பின் போட்டு தலையில குத்தி விடுவாங்க, அந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கு. ஆனா அந்த கண்ணாடியும் ஞாபகம் இருக்கே, அத எங்க கொண்டு வெக்கிறது?

லதா_ஈப்போ:

நான் இந்து, கான்வென்ட்டுலதான் படிச்சேன். உங்க வராந்தா வரிசைய நாங்க ஜன்னல் வழியா பாத்துட்டு, அப்பாடா நம்ம மாரியம்மன் எந்த பொடவை கட்டுனானு யாரும் கேக்கலனு நிம்மதியா இருப்போம். ஆனா புது நன்மைக்கு வெள்ள கவுனும் தலையில பூவளையமும் போட்டுட்டு வந்தீங்களே, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வீட்டுல போயி நானும் கிறிஸ்தவ வேதத்துல சேரணும்னு அழுதேன், அம்மா தொடப்பத்த எடுத்துட்டாங்க.

கித்தாக்காட்டு_மேரி:

தம்பி, ஆயாம் பிராண்ட் படிச்சு பஸ்ஸுல தனியா சிரிச்சிட்டு வந்தேன், பக்கத்துல இருந்த மலாய்க்காரம்மா ஒரு மாதிரி பாத்தாங்க. ஐயா, லேத்தாரேக்கு அர்த்தம் தெரியாம இருந்தா நல்லா இருந்துருக்கும். ரோஸ்லின், உங்க கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, எனக்கு கண்ணாடி வாங்கி குடுத்தவங்க யாரும் இல்ல.

டீச்சர்கிட்ட போயி மன்னிப்பு கேட்டேன். அது அழுதுருச்சு, நானும் அழுதுட்டேன், கார்டு இன்னும் இருக்கு, ஆனா காலி கட்டத்துல "காய்ச்சல்"னு எழுதி ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு.

இத எல்லாம் அம்மாகிட்ட போன்ல சொன்னேன், அவங்களுக்கு 81. அந்த ரோஸ் கதைய கேட்டுட்டு, அந்த கை வீக்கத்த நான் மறப்பேனானு கேட்டாங்க. அப்புறம்தான் சொல்றாங்க, அதுக்கப்புறம் லோரி வராத ஞாயிறெல்லாம் சாயங்காலம் ஒரு டம்ளர எடுத்துக்கிட்டு கிராணியம்மா வீட்டுக்கு போவாங்களாம், காப்பித்தூள் தீந்துபோச்சுனு கேட்டு, பேச்சோட பேச்சா இன்னிக்கு ஃபாதர் என்ன உடுப்புனு கேட்டுட்டு வருவாங்களாம். எங்க லயத்து வீட்டுல சீனி இருக்காது, பால் இருக்காது, காப்பித்தூள் மட்டும் டின் டின்னா இருக்கும். ஏன்னு எனக்கு இப்பதான் வெளங்குது.